அடுப்படி மணி

அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. மணிதான் பேசும்.

சொத்துச் சண்டையா, நகைச் சண்டையா என்று கேட்டால் அதெல்லாம் இல்லை. வெறும் சத்தச் சண்டை. மாமியார் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பே சேர்ந்து கத்தினாலும் அதற்கு மேலே ஏறி உட்காரும் குரல். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, கட்டிலோடு கிடக்க ஆரம்பித்ததும் உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் தொண்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா, "ஏம்மா!" தலையணை நழுவிவிட்டதா, "ஏம்மா!" ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தால் அதற்கும் ஒரு "ஏம்மா!" கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க நின்றபடி லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிற மருமகள் எவ்வளவுதான் பொறுப்பாள்? ஒரு நாள் பட்டென்று வந்துவிட்டது. "இனிமே உங்க வாய்ச் சத்தம் இந்த வீட்ல கேக்கக் கூடாது அத்தை. ஏதாவது வேணும்னா மணி அடிங்க!"

சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது வேறு விஷயம். கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? அத்தையோ, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அன்றோடு மருமகளிடம் வாயை மூடினார். மூடினார் என்றால் மூடினார்தான். மகன் போனில் கூப்பிட்டால் பேசுவார், கடவுளிடம் பேசுவார், காக்காயிடம்கூடப் பேசுவார். மருமகளுக்கு மட்டும் மணி.

அந்த மணியும் சாதாரண மணி இல்லை. மகன் லிஃப்ட் மெக்கானிக். வருஷத்தில் பாதி நாள் வெளியூர்க் கட்டடங்களில் கிடப்பவன். எங்கேயோ கழற்றிப்போட்ட பழைய லிஃப்டின் அலாரம் மணியைக் கொண்டுவந்து மாட்டினான். "கரண்ட் போனாலும் அடிக்கும்மா, பாட்டரி!" என்று அவனுக்கு ஒரே பெருமை. அம்மாவின் கட்டிலில் பித்தான், அங்கிருந்து சுவரோரமாக ஒயர், அடுப்படியில் மணி. மாட்டும்போது ஒயர் எட்டவில்லை. கடைக்குப் போய் ஒரு முழம் வாங்கி வரச் சோம்பல்பட்டு, எட்டின இடத்திலேயே திருகிவிட்டான். எட்டின இடம் எது தெரியுமா? மேடைக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்.

ஒருமுறை கரண்ட் போன சமயம் அத்தை மணியடித்தார். அடுப்படியில் நின்ற மருமகள் கண்ணால் பார்த்தாள். சுத்தியல் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் அதன் அடியில் நீலமாக ஒரு பொறி. அன்றைக்கே போனில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மணியில நெருப்புப் பறக்குதுங்க. சிலிண்டர் பக்கத்துல போயி வச்சிருக்கீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?" அவன் சிரித்தான். "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா? அடுத்த தடவை வரும்போது மாத்தித் தரேன், விடு." அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

மணிக்கென்று ஒரு பாஷையும் உண்டாகிவிட்டது. ஒரு தடவை என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம் பாத்திரம். விடாமல் அடித்தால் மனசு சரியில்லை, வந்து முறைப்பு வாங்கிக்கொள் என்று அர்த்தம். இது போக, மருமகள் சாயங்காலம் வந்து வாசல் பூட்டில் சாவியைத் திருப்பினால் போதும், செருப்பைக் கழற்றுவதற்குள் நீளமாக ஒன்று அடிக்கும். 'வந்துட்டியா?' என்றும் கொள்ளலாம், 'இவ்வளவு நேரம் எங்க போன?' என்றும் கொள்ளலாம். ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மருமகள் சாவியைத் திருப்பினாள்.

கதவைத் தள்ளி ஒரு கால் உள்ளே வைத்தாள். கை அதுபாட்டுக்குப் பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. இருட்டிக்கொண்டு வரும் நேரம். விரல் சுவிட்சின் மேல் உட்கார்ந்தேவிட்டது. அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்த நாற்றம். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, கெட்டியாக, தரையிலிருந்து எழும்பி முகத்தில் வந்து மோதியது.

கேஸ்.

விரலை எடுக்கக்கூடப் பயமாக இருந்தது. எடுத்தால் அழுந்திவிடுமோ என்று பயம். மெல்ல, முள்ளிலிருந்து புடவையை எடுப்பதுபோல எடுத்தாள். எடுத்த கையை மற்றக் கையால் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. கடைக்கு நேரமாகிறது என்று அவசர அவசரமாகப் புதுசை மாட்டினாள். எப்போதும் சோப்புத் தண்ணீர் விட்டு நுரை வருகிறதா என்று பார்ப்பவள், இன்றைக்குப் பார்க்கவில்லை. சூடு பண்ணி, அத்தைக்கு ஊட்டாத குறையாகத் தட்டை நீட்டிவிட்டு ஓடினாள். அடுப்பை அணைத்தாள், ஆனால் ரெகுலேட்டரை மூடவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, கடைசியில் மணி ஞாபகம் வந்தது.

சாவி திரும்பிய சத்தம் உள்ளே கேட்டிருக்கும். அத்தையின் கட்டைவிரல் இந்நேரம் பித்தானுக்குப் போயிருக்கும். இதோ அடிக்கப்போகிறது. மேடைக்கு அடியில் அந்த நீலப்பொறி. அத்தோடு இந்த வீடு, கட்டில், அத்தை, தான், மேல்மாடி, கீழ்மாடி, எல்லாம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடிக்கவில்லை.

நாற்றம்தான் அடித்தது. மணி அடிக்கவில்லை.

கால் என்ன செய்தது தெரியுமா? திரும்பிப் படியிறங்கியது. பொய் சொல்வானேன், ஓடத்தான் ஓடியது. யார் காலாயிருந்தாலும் ஓடும். பாதிப் படி இறங்கியவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருப்பது எழுந்து நடக்க முடியாத ஜீவன். அடுத்து ஒரு தடவை தண்ணீர் தவித்தால் அந்த ஜீவனுக்குத் தெரிந்த ஒரே வழி மணி. அந்த வழியைக் காட்டியவள் தான்தான். 'மணி அடிங்க'ன்னு நான்தானே சொன்னேன், பாவி, என் வாயாலதானே சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டே திரும்ப ஏறினாள்.

வாசலில் நின்று கத்தினாள். "அத்தை! மணிய அடிக்காதீங்க! கேஸ் லீக்காகுது! மணியத் தொடாதீங்க!"

கத்திய பிறகுதான் இன்னொரு பயம் பிடித்தது. இவள் வேண்டாம் என்று சொன்ன எதை அத்தை செய்யாமல் இருந்திருக்கிறார்? எழுந்திருக்காதீங்க என்றால் எழுந்திருக்கப் பார்ப்பார். உப்பைக் குறைங்க என்றால் உப்பு டப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொள்வார். இப்போது அடிக்காதீங்க என்று சொன்னதே வினையாகிவிட்டால்? பேசாமல் 'அடிங்க'ன்னே சொல்லியிருக்கலாமோ? அந்த நேரத்திலும் புத்தி இப்படிப் போனதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

உள்ளேயிருந்து பதிலில்லை. காதை நீட்டிக் கேட்டாள். அடுப்படிப் பக்கமிருந்து 'ஸ்' என்று சன்னமாக ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் மேல்மாடிக்காரர் இறங்கி வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்துக்கே அவர் கண்டக்டர் அண்ணன்தான். "என்னம்மா, என்ன ஆச்சு? இருட்டுல நின்னுக்கிட்டு..." என்றபடி மாடிப்படி விளக்கின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணே!"

அவள் போட்ட சத்தத்தில் மனுஷர் கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு அவருக்கும் மூக்கில் ஏறியது. முகம் செத்துப்போனது.

"எந்த சுவிட்சையும் தொடாதீங்க. போனை இங்க எடுக்காதீங்க. கீழ போயி, மீட்டர் ரூம்ல மொத்தக் கட்டடத்துக்கும் மெயினை அணைச்சுடுங்க. எல்லாரையும் தெருவுக்கு எறக்குங்க, யார் வீட்டு பெல்லையும் அடிக்காதீங்க, கதவத் தட்டுங்க. தெருமுனைக்குப் போயி தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க." தன் கைப்பையையும் அவரிடமே திணித்தாள். "இதுல என் போன் இருக்கு. எடுத்துட்டுப் போயிடுங்க."

"நீயும் வாம்மா. உள்ள போகாத. அவங்க வந்து பாத்துக்கட்டும். அதான் மொறை."

"மொறை எனக்கும் தெரியும்ணே. அவங்க வர்றதுக்குள்ள அத்தை மணி அடிச்சுட்டா?"

மணிச் சங்கதி கட்டடத்துக்கே தெரியும். கண்டக்டர் விறுவிறுவென்று இறங்கிவிட்டார். கீழே கதவு தட்டும் சத்தமும், "எறங்கு, எறங்கு, வண்டி நிக்காது, எறங்கு!" என்று அவர் பழைய குரலும் கேட்டன.

மருமகள் செருப்பைக் கழற்றினாள். சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் படியில் வைத்தாள். வாசல் கதவை விரியத் திறந்து, ஆடாமலிருக்கச் செருப்பையே முட்டுக் கொடுத்தாள். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். ஹாலில் அத்தையின் போன் சார்ஜில் கிடந்தது. மதியம் மாட்டிவிட்டுப் போனதும் இவள்தான். இந்த வீட்டில் இன்றைக்கு நடந்த எல்லா வேலைக்கும் என் கைதானா என்று நினைத்தாள். அதைத் தொடாமல் தாண்டிப் போனாள்.

நடக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. மணி அடிக்கப்போகிறது, இப்போது அடிக்கப்போகிறது, இந்த எட்டு வைப்பதற்குள் அடிக்கப்போகிறது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. ஹால் ஜன்னலின் கொக்கியை இரும்போடு இரும்பு உரசாமல் முந்தானை நுனியால் பிடித்துத் தூக்கினாள். அது திறந்தது. அடுப்படிக்குள் நுழைந்தாள்.

அந்நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் 'கர்ர்' என்று உறுமி நின்றது. உயிர் ஒரு தடவை போய் வந்தது. கண்டக்டர் மெயினை அணைத்துவிட்டார் என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அப்பாடா என்று சொல்ல முடியுமா? எல்லாக் கரண்டும் செத்துவிட்டது, லிஃப்ட் மணிக்கு மட்டும் சாவில்லை. கரண்ட் போனாலும் அடிக்கும். பாட்டரி.

குனிந்தாள். குனிந்ததும் நாற்றம் கண்ணைக் கரித்தது. அரை இருட்டிலும் கண்ணுக்குத் தெரிந்தது மணி, சிலிண்டரின் தோளுக்குப் பக்கத்தில், வட்டமாக. ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று கை துடித்தது. பிடுங்கும்போதே பொறி வந்தால்? வேண்டாம். கையைச் சுருக்கிக்கொண்டு ரெகுலேட்டர் குமிழை மட்டும் தடவிப் பிடித்துத் திருப்பினாள். 'ஸ்' சத்தம் அறுந்தது. அடுப்படி ஜன்னலையும் திறந்தாள். வெளிக்காற்று கொஞ்சம் வந்து முகத்தில் பட்டது.

அப்போதுதான் பயம் அப்படியே புரண்டு படுத்தது. இத்தனை நேரம் மணி அடித்துவிடுமே என்று செத்தாள். இப்போது, ஏன் அடிக்கவில்லை? சாவி திரும்பினால் தவறாமல் அடிக்கிற கை ஏன் அடிக்கவில்லை? தொண்டை கிழியக் கத்தியும் அந்த அறையிலிருந்து ஏன் ஒரு முனகல்கூட இல்லை? மதியத்திலிருந்து இந்தக் காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டு...

"அத்தை," என்றாள். நடையைத் தாண்டி ஓடி அறைக்கதவைத் தள்ளினாள். காற்றில் சாத்திக்கொண்ட கதவு. அதுவும், கட்டிலோரத்து ஜன்னல் திறந்திருந்ததும்தான் நல்ல காலம்.

அத்தை மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. கண்ணில் கண்ணாடி இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மருமகள் கட்டில் விளிம்பைப் பிடித்தாள்.

வாய் அசைந்தது. சத்தமில்லை, காற்று மட்டும். மறுபடியும் அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"...டாதே... போடாதே..."

இருக்கு. உயிர் இருக்கு. மருமகள் முதலில் தேடியது பித்தானை. அத்தையின் கையில் இல்லை, தலையணையில் இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே கண் போனது. ஒயர் போய் அத்தையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்திருந்தது. இவள் கடையில் கொடுக்கிற கெட்டியான பெட்டி. 'பொட்டிய மட்டும் நல்லாத்தான் குடுத்திருக்கா' என்று அத்தை மகனிடம் நொடித்த அதே பெட்டி. உள்ளே பித்தானை வைத்து, மூடி, மேலே கைக்குட்டையால் ஒரு கட்டும் போட்டிருந்தார். பழக்கத்தில் தன் கை போய்த் தொட்டாலும் அழுந்தக் கூடாது என்று.

யோசிக்க நேரமில்லை. படுக்கை விரிப்போடு சேர்த்து அத்தையைச் சுருட்டினாள். தூக்கப்பார்த்தால் முடியவில்லை. அதற்குள் வெறுங்காலோடு கண்டக்டர் வந்து நின்றார். "வராதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?" என்றாள். "வண்டியில ஒரு டிக்கெட் பாக்கியிருக்கும்போது நான் எறங்குனதில்லம்மா," என்றார், பல் கிடுகிடுக்க. தலைப்பக்கம் அவர், கால்பக்கம் இவள். இடுப்பு வலித்திருக்கும், உயிர் போகிற மாதிரி வலித்திருக்கும். அத்தையிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

தெருவுக்கு வந்து, நாலு வீடு தள்ளி ஒரு திண்ணையில் கிடத்திய பிறகுதான் மூச்சு விட்டார்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தன. ஆம்புலன்ஸ்காரர்கள் அத்தைக்கு ஆக்ஸிஜன் வைத்துப் பார்த்தார்கள். நாடி சரி, மூச்சு சரி, இடுப்பும் அசங்கவில்லை, தொண்டைதான் ரணமாகிக் கிடக்கிறது, என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள்.

"கத்துனாங்க," என்றார் கண்டக்டர். தலையைக் குனிந்துகொண்டார். "சாயங்காலம் பூரா கத்துனாங்க. கேட்டுச்சு. 'போடாதே, போடாதே'ன்னு. சரி, ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்கபோல, மறுபடியும் சண்டைன்னு நெனச்சு நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சேம்மா."

மருமகள் அத்தையைப் பார்த்தாள். "எதப் போடாதேன்னு கத்துனீங்க?"

அத்தை ஆக்ஸிஜன் மூடியை நகர்த்தினார். காற்றாக வந்தது பேச்சு. "லைட்ட... நீ வந்ததும் லைட்டத்தானே போடுவ. உள்ள கால வச்சதுமே போடுவியே. படியில யாரு நடந்தாலும் நீதான்னு கத்துனேன். சாவி சத்தம் கேட்டப்ப... தொண்ட முழுசாப் போயிருச்சு. கத்தறேன், கத்தறேன், எனக்கே கேக்கல. நீ போட்டுட்டன்னு கண்ண மூடிக்கிட்டேன்."

வாசலில் இவள் கண்ணை மூடி நின்ற அதே நேரம்.

"மணி அடிக்கலையே அத்தை?"

"அதுல நெருப்பு வருதுன்னு நீதானே சொன்ன?"

"நான் உங்ககிட்டயா சொன்னேன்? அவர்கிட்ட போன்ல..."

"இடுப்புத்தானேடி ஒடஞ்சுது, காதா ஒடஞ்சுது?" சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். "நீ சொன்னா நான் கேக்க மாட்டேன்னு நெனச்சியா?"

தெருவே பார்க்க, மருமகள் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சிலிண்டர் வாயின் வாஷரில் விரிசல் என்று தீயணைப்பு அதிகாரி வந்து சொன்னபோதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். சிலிண்டரை மூடி போட்டு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அதிகாரியின் கையில் லிஃப்ட் மணி இருந்தது, ஒயர் வெட்டப்பட்டு. "யாரும்மா இத அங்க வச்ச புண்ணியவான்?"

"எங்க வீட்டுக்காரர்."

"உங்க ரெண்டு பேருக்கும் ஆயுசு கெட்டி. அவரு வரட்டும், அவருக்கு எப்படின்னு பாப்போம்," என்று மணியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கருவியை வைத்து மூலை மூலையாகப் பார்த்து, இனி ஒன்றுமில்லை, மெயினும் போட்டாயிற்று, போகலாம் என்று சொன்ன பிறகு அத்தையைத் தூக்கி வந்து ஹால் சோபாவில் சாய்த்தார்கள். தூக்கி வந்தவர்கள் போய்விட்டார்கள். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. வீடு இருட்டு. தெரு விளக்கின் வெளிச்சம் மட்டும் தரையில் கொஞ்சம் கிடந்தது.

மருமகள் சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். நாற்றம் இல்லை. அதிகாரி சொல்லியாயிற்று. எல்லாம் தெரிகிறது, ஆனால் கை எழவில்லை. எழுப்பினாள், கீழே போட்டாள். மறுபடியும் எழுப்பினாள். விடியும்வரை இப்படியே இருட்டிலேயே உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பின்னாலிருந்து, கிழிந்துபோன அந்தத் தொண்டையிலிருந்து, காற்றாக ஒரு குரல் வந்தது.

"ஏம்மா."

திரும்பினாள். இருட்டில் அத்தையின் முகம் சரியாகத் தெரியவில்லை.

"இப்பப் போடு."